திருகோணமலையில் ஒரு கிறிஸ்தவ சிறுவர் இல்லம் தொடங்கலாமா?

தம்பி, மற்றவர்களும் விளங்கிக்கொள்ள உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உப்புவெளிப் பக்கம் காணியோடு பழைய கல்வீடு ஒன்றை ஒருவர் உங்கள் சபைக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சபைக் குடும்பங்கள் மாதாமாதம் காசு அனுப்பச் சம்மதித்திருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு ஒரு சிறுவர் இல்லம் தொடங்க ஆசை. எங்கே பதிவது, என்ன செலவு வரும், பிள்ளைகளை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மாவட்டத்தில் நன்னடத்தை உத்தியோகத்தர்களோடும் (பிள்ளைகளின் பராமரிப்பைக் கவனித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும் அரச உத்தியோகத்தர்கள்) சபைகளோடும் நீண்ட காலம் சேர்ந்து வேலை செய்தவன் என்பதால் நேராகவே சொல்கிறேன்: இல்லம் திறக்க வேண்டாம். அந்தக் காசில் அதைவிடப் பல மடங்கு பிள்ளைகளை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். நீங்கள் எதிர்பார்த்த பதில் இது இல்லை என்று தெரியும். ஏன் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வியில் தொடங்குகிறேன். பிள்ளைகளை எங்கிருந்து எடுப்பது என்று கேட்க வேண்டி வருகிறதென்றால், ஒதுங்க இடமில்லாமல் உங்கள் வாசலில் நிற்கும் பிள்ளை இன்னும் யாரும் இல்லை. வீடு இருக்கிறது, காசு இருக்கிறது, கட்டில்தான் காலியாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் பலர் இதே வரிசையில்தான் போனார்கள். முதலில் வெளிநாட்டுக் காசு, பிறகு கட்டடம், அதற்குப் பிறகு பிள்ளை. உண்மையில் அந்த அலையில் தாயையும் தகப்பனையும் பறிகொடுத்த பிள்ளைகளில் பெரும்பாலானோரை அம்மம்மா, பெரியம்மா, மாமா என்று சொந்தக்காரர்களே வளர்த்தார்கள். அப்படி வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 2005இல் தனிச் சட்டமே வந்தது. இல்லங்களுக்குப் போனவர்களில் பலர் சுனாமிக்குச் சம்பந்தமே இல்லாத, வீட்டில் கஷ்டம் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள்.

இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இலங்கையில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். 'அநாதை' என்று நாம் போடும் படத்துக்குப் பின்னால் ஒரு தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலை செய்துகொண்டிருப்பாள். நம் மாவட்டத்தில் நான் கண்ட காரணங்களைச் சொல்கிறேன். தாய் வெளிநாடு போனதும் தகப்பன் வேறு குடும்பம் எடுத்துவிடுகிறான், பிள்ளைகள் அம்மம்மாவிடம். அம்மம்மாவுக்குக் கண் தெரியாது, முழங்கால் வலி. அல்லது நுண்கடன்காரர்கள் வாராவாரம் வாசலில் வந்து நிற்கிறார்கள், தாய் அவர்களுக்குப் பயந்து ஊரை விட்டுப் போகிறாள். அல்லது தகப்பன் கடலுக்குப் போய்க் கிடைத்ததைக் கசிப்பில் முடிக்கிறான். அல்லது தாய் மறுமணம் செய்கிறாள், வந்தவன் முதல் கணவனின் பிள்ளையை வேண்டாம் என்கிறான். சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் குடும்பங்கள் 2006 சண்டையில் இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக அலைந்து, வருடக்கணக்கில் கழித்துத் திரும்பியவை. அந்த அலைச்சலில் படிப்பை விட்ட அன்றைய பிள்ளைகள் இன்று தாய் தகப்பன்மார்.

இந்தக் காரணங்களை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கட்டில் கொடுத்தால் தீரக்கூடியது எத்தனை? அம்மம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை, தாயின் கடனுக்கு ஒரு வழி, பிள்ளைக்கு பஸ் காசு. இவ்வளவில் நிற்கக்கூடிய குடும்பத்தைப் பிரித்துப் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. யாக்கோபு நிருபத்தில் எல்லா சபைகளும் எடுத்துப் பேசும் அந்த 1:27ஆம் வசனத்திலும் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் சேர்ந்துதான் வருகிறார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாயை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நல்ல சாப்பாடு, மின்விசிறி, ஆங்கில ரியூசன் உள்ள இல்லம் ஒன்று ஊரில் இருந்தால் ஏழைத் தாய்மார் தாங்களாகவே பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். கொடுமைக்காரத் தாய்மார் இல்லை, பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள்தான். இல்லம் இல்லாவிட்டால் எப்படியோ சமாளித்திருப்பார்கள். முதல் வருடம் மாதம் ஒருமுறை பார்க்க வருவார்கள், பிறகு கிறிஸ்மஸுக்கு, பிறகு அதுவும் இல்லை. பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை வெளியே வரும்போது ஊரில் அதைத் தெரிந்த ஒரு வீடும் இருக்காது. கலியாணம் பேச, பிரசவத்துக்குத் துணைக்கு நிற்க, வேலை போனால் இரண்டு மாதம் போய் இருக்க ஓர் இடம் வேண்டுமே. இல்லத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சாப்பாடு பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள், இதைத்தான் சொல்வார்கள்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டலும், வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. இலங்கையின் தேசிய மாற்றுப் பராமரிப்புக் கொள்கையும் அதே வழியில்தான் போகிறது, இல்லம் கடைசித் தெரிவு. ஆகவே புதிதாக ஒரு இல்லத்துக்கு அனுமதி கேட்டுப் போனால் உத்தியோகத்தர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். மதத்துக்காகத்தான் சுளிக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

சட்டம் பற்றிக் கேட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்துக்கு வந்தன. எனவே நீங்கள் போக வேண்டிய இடம் கிழக்கு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம். மாகாண நிர்வாகம் நம் நகரத்திலேயே இருப்பதால் உங்களுக்கு அலைச்சல் குறைவு. இல்லம் நடத்துவதற்கான அடிப்படை இன்னும் 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம், அதற்கு மேல் திணைக்களத்தின் தரநிர்ணயங்கள். பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி நீதவானின் கட்டளையோடு நடக்க வேண்டிய காரியம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுப்பார். 'தாய் கையெழுத்து வைத்துத் தந்தார்', 'கிராம உத்தியோகத்தர் கடிதம் இருக்கிறது', 'பாஸ்டருக்குத் தெரிந்த குடும்பம்' என்பதெல்லாம் அந்தக் கட்டளைக்குப் பதிலாகாது. பதிவில்லாமல் நாலு பிள்ளையைப் போதகர் வீட்டில் வைத்திருப்பதும் இதற்குள்தான் வரும். ஊழியம் என்று பெயர் வைத்தால் சட்டம் விலகி நிற்காது.

வெளிநாட்டுச் சபைக் குடும்பம் ஒன்று 'ஒரு பெண் பிள்ளையை நாங்களே எடுத்து வளர்க்கிறோம்' என்று கேட்கும், கட்டாயம் கேட்கும். உங்களால் முடியாது என்று அன்றே சொல்லிவிடுங்கள். மகவேற்பு, அதாவது தத்தெடுப்பது, 1941ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் நடப்பது, வெளிநாட்டவர் என்றால் நன்னடத்தை ஆணையாளர் ஊடாகத்தான். 1980களில் இலங்கைக் குழந்தைகள் வெளிநாட்டுக்கு விற்கப்பட்ட கதை வெளியே வந்த பிறகுதான் இந்த இறுக்கம்.

சரி, இல்லம் இல்லை என்றால் என்ன செய்வது?

ஒரே பிரதேசத்தை எடுங்கள். 'திருகோணமலை மாவட்டம் முழுக்க' என்று தொடங்கினால் பெற்றோல் காசிலேயே முடிந்துவிடும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு மூதூருக்கும் வெருகலுக்கும் ஒரே நாளில் போய்வரலாம் என்றாலும், போய்வரக்கூடிய தூரம் வேறு, கிழமைக்கொருமுறை எட்டிப்பார்க்கக்கூடிய தூரம் வேறு. நீங்கள் உப்புவெளியில் இருப்பவர்கள், திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவே போதும். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிடம் போய் 'எந்தப் பிள்ளைகள் பாடசாலையை விடும் நிலையில் இருக்கிறார்கள், எந்த வீட்டை நாங்கள் பார்க்கலாம்' என்று கேளுங்கள். அவர்களிடம் பட்டியல் இருக்கும், போய்ப் பார்க்க வாகனமும் ஆளும்தான் குறைவு. கிராம மட்டத்தில் சிறுவர் அபிவிருத்திக் குழு பெயருக்காவது இருக்கும், உயிரோடு இருந்தால் அதில் போய் உட்காருங்கள். உங்கள் சொந்தப் பட்டியல் ஒன்றைச் சபை ஆட்களிடம் கேட்டுத் தயாரித்தால் சபைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் மட்டும்தான் அதில் வருவார்கள்.

முதல் வருடம் பத்துக் குடும்பம் போதும். அந்தப் பத்து வீட்டுக்கும் போய்வர ஒரு ஆள், முடிந்தால் அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், சம்பளத்தோடு வேண்டும். உங்கள் வேலையின் முக்கால்வாசி அவர்தான். கணக்கு எழுதத் தெரிந்திருப்பதைவிட, ஒரு வீட்டுக்குள் போய் அரை மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டு 'இந்த வீட்டில் ஏதோ சரியில்லை' என்று கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

என்ன கொடுப்பது என்பதில்தான் சபைகள் பெரும்பாலும் வழி தவறுகின்றன. பாடசாலை வருடம் தொடங்கும்போது எல்லோரும் புத்தகப்பை கொடுப்பார்கள். ரோட்டரி கொடுக்கும், வங்கி கொடுக்கும், அரசியல்வாதி கொடுப்பார், நீங்களும் கொடுப்பீர்கள். ஒரு வீட்டில் மூன்று புத்தகப்பை ஆணியில் தொங்கும், பிள்ளை பாடசாலைக்குப் போகாது. பாடப்புத்தகத்தை 1980 முதலும் சீருடைத் துணியை 1993 முதலும் அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. பிள்ளையை மறிப்பது வேறு சில்லறைச் சாமான்கள்: சப்பாத்து, இரண்டாம் தவணைக்குக் கொப்பி, பஸ் சீசன், மூக்குக்கண்ணாடி, வயதுவந்த பெண் பிள்ளைக்கு அந்த மூன்று நாளுக்குத் தேவையானது, சாதாரண தரத்துக்குக் கணித ரியூசன் காசு. இவற்றில் ஒன்றையும் மேடையில் வைத்துக் கொடுத்துப் படம் எடுக்க முடியாது, அதனால்தான் கொடுப்பவர்கள் குறைவு.

இதையெல்லாம்விட முதலில் செய்ய வேண்டியது, காகித வேலை. பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்து பதியாமல் விடப்பட்ட தாய்மார், அவர்களுக்கு வீட்டிலேயே பிறந்த பிள்ளைகள், தகப்பன் பெயர் போடப் பயந்து பதியாமல் விட்டவர்கள். பிறந்து மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு, அதற்குத் தனி விண்ணப்பம், சத்தியக் கடதாசி, சாட்சி. படிவம் சிங்களத்திலோ விளங்காத தமிழிலோ இருக்கும். எழுதத் தெரியாத தாய் பதிவாளர் அலுவலக யன்னலுக்கு முன்னால் ஒருமுறை நிற்பாள், 'நாளைக்கு வாங்க' என்றதும் பிறகு போகமாட்டாள், நாள்கூலி போய்விடுமே. 15 வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சாதாரண தரப் பரீட்சைக்கு அது தேவை, அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவை. எட்டாம் வகுப்பில் இதைக் கவனித்தால் ஒரு வருட அலைச்சலில் முடியும். பத்தாம் வகுப்பில் கவனித்தால் பிள்ளை பரீட்சையைத் தவறவிடும், தவறவிட்ட பிள்ளை ஓட்டோ கழுவப் போகும், பெண் பிள்ளை என்றால் கலியாணம் என்ற பெயரில் யாரோடாவது போகும். உங்கள் சபையில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள் இருப்பார்கள். கச்சேரி (மாவட்டச் செயலகம்) நடைமுறை தெரிந்த ஒருவர் மாதம் இரண்டு நாள் இந்தத் தாய்மாரோடு வரிசையில் நின்றால் போதும். கனடாக் காசு தேவையே இல்லை.

அதே மாதிரி அரசாங்கம் தருவதை வாங்கிக் கொடுங்கள். 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது விண்ணப்பத்தில் சின்னப் பிழை விட்டதால் வெளியே நின்ற குடும்பங்கள் பல. மேன்முறையீடு எழுதத் தெரியாது. செவன சரண போன்ற ஏழைப் பிள்ளைகளுக்கான வளர்ப்புப் பெற்றோர் திட்டங்கள் இருப்பதும் தெரியாது. உங்கள் காசில் மாதம் கொடுப்பதைவிட, வர வேண்டிய காசை வரச் செய்வது நிலைத்து நிற்கும்.

அந்தக் கல்வீட்டை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாலை நேரப் படிப்பு இடமாக்குங்கள். நாலு மணிக்குப் பிள்ளைகள் வரட்டும், கடலையோ அவித்த கௌபியோ தேங்காய்ப்பூவோடு ஒரு கோப்பை, தேநீர், வெளிச்சம், மேசை, வீட்டுவேலை பார்த்துத் தர உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஆறரைக்கு முன் எல்லோரும் தங்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். காணி உறுதியைப் போதகர் பெயரிலோ அவர் மனைவி பெயரிலோ எழுதிவிடாதீர்கள், அதை மட்டும் ஒரு நல்ல நொத்தாரிசிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. 'கிறிஸ்தவ' என்ற முன்சொல்லை எப்படிச் சுமப்பது?

திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழ்கிறார்கள். கிறிஸ்தவர் சிறு தொகை. உண்மையில் கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் போனால் பெரும்பாலும் சைவ வீட்டுக்கோ முஸ்லிம் வீட்டுக்கோதான் போய் நிற்பீர்கள். அந்த வீட்டுக்காரர் உங்களைப் பார்த்ததும் நினைப்பது ஒன்றே ஒன்று: மதம் மாற்ற வந்திருக்கிறார்கள். இந்தப் பயம் நேற்று வந்ததில்லை. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியதும் மிஷன் பாடசாலைகளைப் பார்த்து வந்த இதே பயத்தில்தான். அதே நேரம் நம் ஊரில் புனித சூசையப்பர் கல்லூரியிலும் புனித மரியாள் கல்லூரியிலும் மெதடிஸ்த பெண்கள் கல்லூரியிலும் படித்துக் கடைசிவரை நல்ல சைவர்களாக இருந்து, இன்றும் அந்தப் பாடசாலையை நன்றியோடு நினைப்பவர்கள் ஏராளம். இரண்டு வழியும் நம் கண்முன்னே இருக்கிறது.

சட்டத்திலும் இது நுட்பமான இடம். அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை விரும்பிய மதத்தைக் கொள்ளும் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. ஆனால் 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவை அருட்சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையைக் கூட்டிணைக்கும் (சட்டப்படி ஒரு அமைப்பாக்கும்) சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, மதத்தைப் பரப்புவதையும் பொருளுதவி செய்வதையும் ஒன்றாகச் சேர்த்த நோக்கங்கள் அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது. அருட்சகோதரிகள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள், 2005இல் குழு அவர்களின் உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றும் வந்து, நிறைவேறாமல் போனது. யார் சொன்னது சரி என்ற வாதத்தை வைத்திருப்போம். உங்கள் அமைப்பின் யாப்பை, அதாவது நோக்கங்களையும் விதிகளையும், எழுதும்போது சுவிசேஷம் அறிவிப்பதையும் பிள்ளைகளுக்கு உதவுவதையும் ஒரே பந்தியில் எழுதாதீர்கள். எழுத்தில் மட்டுமில்லாமல் நடப்பிலும் பிரித்து வையுங்கள்.

நடப்பில் என்றால் இப்படி. மாலைப் படிப்பு இடத்தில் ஜெபம் கட்டாயம் இல்லை. வேலை செய்கிறவர்கள் பிள்ளைகள் வருமுன் தங்களுக்குள் ஜெபித்துக்கொள்ளட்டும். ஞாயிறு பாடசாலை வேறு நாள், வேறு இடம், வேறு ஆட்கள். அதற்கு வருகிற பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் கொப்பியில் ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது. முஸ்லிம் பிள்ளை வருகிறது என்றால் சாப்பாடு ஹலாலாக இருக்க வேண்டும், நோன்பு மாதத்தில் நேரத்தை மாற்ற வேண்டும், அந்தப் பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முன்கூட்டியே போய் 'நாங்கள் இன்னார், இதைத்தான் செய்கிறோம், எப்போதும் வந்து பார்க்கலாம்' என்று சொல்லிவிட வேண்டும். கோயில் தர்மகர்த்தாவிடமும் அப்படியே. அவர்களில் ஒருவரை ஆலோசனைக் குழுவில் போட முடிந்தால் பாதிச் சந்தேகம் அன்றே போய்விடும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நம் பக்கத்திலும் எவ்வளவு கசப்பு வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் வேலையை நிறுத்தாமல் செய்ய முடிந்தது முன்பே இப்படிப் பழகியிருந்தவர்களால்தான்.

இதில் உங்களுக்கு நெருக்கடி வெளியிலிருந்து வராது, உதவுபவர்களிடமிருந்தே வரும். 'இந்த வருடம் எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்' என்று ஒருவர் வட்ஸ்அப்பில் கேட்பார். பிள்ளைகளின் கல்விக்கு என்று காசு வாங்கியிருந்தால், கல்வியைப் பற்றி மட்டும் பதில் எழுதுங்கள். அது போதாதென்று காசை நிறுத்துபவர் நிறுத்தட்டும்.

பாதுகாப்பு பற்றி வளைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் சபைகள் இதைக் கேட்க விரும்புவதில்லை. பிள்ளைகள் கூடும் இடத்துக்குப் பிள்ளைகளைத் தேடும் ஆட்களும் வருவார்கள். அவர்கள் நன்றாகப் பாடுவார்கள், சம்பளம் கேட்க மாட்டார்கள், பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் வீட்டில் விட முந்திக்கொள்வார்கள். ஆகவே விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், போதகருக்கும் சேர்த்து. பிள்ளையோடு பெரியவர் ஒருவர் தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. தனியாக வண்டியில் ஏற்றக் கூடாது. யாரைச் சேர்ப்பதானாலும் பொலிஸ் நற்சான்றும், முன்பு வேலை செய்த இடத்தில் நேரில் விசாரிப்பும். பிள்ளைக்கு அடி இல்லை, முழங்காலில் நிற்க வைப்பதும் இல்லை.

ஏதாவது நடந்துவிட்டதென்று பிள்ளை சொன்னால் சபைக்குள் மூப்பர்களைக் கூட்டி விசாரிக்கவே கூடாது. ஒரு சபையில் அப்படித்தான் செய்தார்கள். பிள்ளையை நாலு பெரியவர்களுக்கு முன்னால் நிறுத்தி மூன்று முறை சொல்ல வைத்தார்கள், குற்றம் செய்தவர் அழுது மன்னிப்புக் கேட்டார், ஜெபித்து அனுப்பினார்கள். அவர் வேறு ஊரில் போய் மறுபடி ஊழியம் தொடங்கினார். பிள்ளை சொன்னதை ஒருமுறை கேளுங்கள், கேட்டபடியே எழுதி வையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள் அல்லது பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்துக்குப் போங்கள். மருத்துவப் பரிசோதனை சட்ட வைத்திய அதிகாரியின் வேலை, உங்களுடையது இல்லை. 1929 இலக்கத்தைப் படிப்பு இடத்தின் சுவரில் பிள்ளைகளின் கண் மட்டத்தில் எழுதி வையுங்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை சுற்றுலா. மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர் நிறைந்திருப்பார்கள். நல்ல மனதோடுதான், 'ஒரு நாள் பிள்ளைகளோடு செலவழிக்கலாமா' என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். மிருகக்காட்சிச்சாலைக்கு வருவது போல வந்து, கட்டிப்பிடித்து, படம் எடுத்து, இனிப்புக் கொடுத்துவிட்டுப் போகும் ஆட்களுக்குப் பழகிய பிள்ளை, எந்த அந்நியரின் கையையும் பிடித்துக்கொண்டு போகும். ஆங்கிலம் கற்றுத்தர விரும்புகிறவர் மூன்று மாதமாவது இருந்து, மேலே சொன்ன எல்லா விதிக்கும் உட்பட்டால் வரட்டும். பிள்ளையின் முகமும் பெயரும் பாடசாலையும் ஒன்றாகத் தெரியும் படம் முகநூலில் போகவே கூடாது.

பதிவு விஷயம் சிக்கலானது இல்லை. முதல் இரண்டு வருடத்துக்குத் தனி அமைப்பே வேண்டாம். உங்கள் சபையோ அது சேர்ந்திருக்கும் தாய்ச்சபையோ ஏற்கெனவே சட்டப்படி கூட்டிணைக்கப்பட்டிருந்தால் அதன் கீழ் ஒரு வேலைத்திட்டமாக நடத்துங்கள். வளர்ந்தால் 1980ஆம் ஆண்டின் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதியலாம், அல்லது 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுத்த (பங்குகள் இல்லாத) கம்பனியாகலாம். வெளிநாட்டுக் காசு தனியார் ஒருவரின் கணக்குக்கு வரவே கூடாது, ஒரு மாதத்துக்குக்கூட. கணக்குக்கு மூன்று கையெழுத்து, அவர்களில் இருவராவது ஒருவருக்கொருவர் சொந்தமில்லாதவர்கள். வருடக் கணக்கைப் பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்து, சபை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

செலவில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் உற்சாகம் முதல் மூன்று வருடம் இருக்கும். பிறகு வீட்டுக் கடன், பிள்ளையின் பல்கலைக்கழகம், வேறு ஒரு ஊரில் வெள்ளம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022இல் ரூபா விழுந்தபோது ஒரே டொலருக்கு முன்பைவிட ஒன்றே முக்கால் மடங்கு ரூபா வந்தது, சிலர் அதைப் பார்த்துக் குடும்ப எண்ணிக்கையைக் கூட்டினார்கள். சில மாதத்தில் அரிசி, மா, மண்ணெண்ணெய் விலை அதை விழுங்கிவிட்டது. ஆறு மாதச் செலவு வங்கியில் தொடாமல் இருக்கட்டும். உள்ளூர்ச் சபைக் காணிக்கையால் மட்டும் எத்தனை வீட்டைப் பார்க்க முடியும் என்று கணக்குப் போட்டு, அந்த எண்ணுக்கு அதிகம் மேலே போகாதீர்கள். இல்லம் என்றால் இந்தக் கணக்கு இன்னும் பயங்கரம். இரவுக்கும் பகலுக்கும் மேற்பார்வையாளர், சமையல், காவல், மின்சாரம், தண்ணீர் எல்லாம் பிள்ளை ஒன்றானாலும் பன்னிரண்டானாலும் ஓடிக்கொண்டே இருக்கும். காசு நின்ற மாதம் குடும்பத்துக்கு உதவும் வேலை சுருங்கும், அவ்வளவுதான். இல்லத்தில் காசு நின்றால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்?

வீட்டில் இருக்கவே முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்பட்ட பிள்ளை, ஏற்க ஒரு உறவும் இல்லாத பிள்ளை. அவர்களுக்கு மாவட்டத்தில் ஏற்கெனவே பதிவான இல்லங்கள் இருக்கின்றன, சைவ, கத்தோலிக்க, மற்றச் சபைகளுடையவை. புதிதாக ஒன்று கட்டுவதைவிட அவற்றில் ஒன்றைத் திணைக்களத்தின் அனுமதியோடு தாங்குங்கள். அங்கே யாரும் பார்க்காத இடம், பதினெட்டு வயதில் வெளியே வரும் பிள்ளை. கையில் ஒரு பையும் சான்றிதழ்களும், தங்க இடமில்லை. உங்கள் சபைக் குடும்பங்களில் இரண்டு மூன்று, அப்படி ஒரு பிள்ளைக்கு ஓர் அறையை வாடகையில்லாமல் ஒரு வருடம் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையில் ஒரு பயிற்சிக்குச் சேர்த்து, முதல் சம்பளம் வரும்வரை பஸ் காசும் மதியச் சாப்பாடும். கனடாக்காரர்களிடம் இந்தச் செலவைத் தனியாக எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அவர்களில் பலர் பதினெட்டு பத்தொன்பது வயதில் கையில் ஒரு பையோடு கட்டுநாயக்காவில் விமானம் ஏறியவர்கள்.